பின்னால் இரண்டு மூட்டை

நான்கு அங்குலம் உயர்த்திய கெப் வண்டிக்கு முன்னால் இலங்கைத் தீவில் மலை என்று எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் கொஞ்சம் சாய்ந்த தரை.

இதைச் சொன்னவர் என் அக்காவின் கணவர் இளங்கோ. சொன்ன இடம், தெல்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில். சொல்லும்போது அவர் வாய்க்கு நேராக இருந்தது, திருவிழா ஆலோசனைக் கூட்டத்துக்காக யாரோ சோதித்துப் பார்த்துவிட்டு அணைக்க மறந்த மைக். ஆகவே இந்த உண்மை கோயில் கமிட்டிக்கு மட்டுமல்லாமல், சுற்றியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கும், மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும், ஓடையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கும், அந்த மாட்டுக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கப்பட்டது. யாரும் மறுக்கவில்லை. அதனால் ஊக்கம் பெற்ற மச்சான், இந்த வருடம் அம்மனை மேற்கணக்குக்கு ஏற்றிக்கொண்டு போவது தன் பொறுப்பு என்றும், தன் வண்டி அதற்கென்றே மாற்றப்பட்டது என்றும் தொடர்ந்து சொன்னார்.

அந்த நேரத்தில் வண்டி ஒரு அங்குலம்கூட உயர்த்தப்பட்டிருக்கவில்லை. கோயில் வாசலில், பிறந்த உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

சமையல் பந்தலில் இருந்த என் அக்கா ஜெயராணி, சோற்று அண்டாவை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கமிட்டியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். பிறகு புருஷன் காதருகே குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்த வண்டிய?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பிலிமத்தலாவையில் அவர்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. மச்சான் மேசையில் உட்கார்ந்து உலகத்தைப் பற்றிப் பேசுவார். அக்கா, பின்தட்டு திறந்த அந்தக் கெப்பை எடுத்துக்கொண்டு சீமெந்தும் குழாயும் தரை ஓடும் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவாள். வண்டியின் பதிவு மச்சான் பெயரில். ஸ்டியரிங்கில் தேய்ந்திருந்த இடமெல்லாம் அக்காவின் கை அளவு. நான் பேராதனை கெம்பஸுக்குப் போய்வர வசதியாக அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்பதால், இதையெல்லாம் இலவசமாகப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு உண்டு.

தோட்டத்தின் பிரிவை நாங்கள் கணக்கு என்போம். கோயில் இருப்பது கீழ்க்கணக்கில். நாங்கள் பிறந்து வளர்ந்தது மலைக்கு மேலே, மேற்கணக்கில். சித்திரைத் திருவிழாவின் கடைசி நாள் அம்மன் தோட்டத்து ட்ராக்டர் பெட்டியில் ஏறி, சவுக்கு மரத்து வளைவு வழியாக மேற்கணக்குக்குப் போய், லயங்களைச் சுற்றி, மறுபக்கத்து ஃபேக்டரி ரோட்டால் இறங்கி வருவாள். கிளம்பிய அம்மன் வந்த வழியே திரும்பக்கூடாது. வண்டியின் சில்லு ஒரு சாண்கூடப் பின்னுக்கு உருளக்கூடாது. உருண்டால் அந்த வருடத் திருவிழா அந்த இடத்தோடு முடிந்தது. அம்மனை இறக்கித் துணி போர்த்தி, மேளம் இல்லாமல் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுவார்கள். ஒருமுறை அப்படி நடந்ததாம். அந்த வருடம் தேயிலைக்கு வந்த நோய், லயத்தில் நடந்த இரண்டு ஓடிப்போன கல்யாணங்கள், இலங்கை தோற்ற கிரிக்கெட் போட்டிகள் எல்லாவற்றுக்கும் இன்றுவரை அதையே காரணம் சொல்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் பெய்த மழையில் சவுக்கு மரத்து வளைவு பாதி கழுவிக்கொண்டு போனது. ட்ராக்டரும் கிழடாகிப் படுத்துவிட்டது. இரண்டு திருவிழாவாக அம்மன் மேலே போகவில்லை. மேற்கணக்குக்காரர்கள்தான் இறங்கி வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் அம்மா அழகம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டதால் அவர் வரவில்லை. "அவளுக்கும் ஏற முடியல, எனக்கும் எறங்க முடியல. அவங்கவங்க எடத்துலேயே இருப்போம்" என்று போனில் சொன்னார். ஆனால் மற்றவர்கள் அப்படிச் சமாதானமாகவில்லை. இந்த முறையும் அம்மன் வராவிட்டால் மேற்கணக்கு தனியாக ஒரு அம்மன் செய்து, தனித் திருவிழா எடுக்கும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். சிலைக்கு அளவுகூடச் சொல்லியாயிற்று. ஒரே தோட்டத்தில் இரண்டு அம்மன் என்றால் யார் வீட்டுக்கு யார் போவது என்பது வரை சண்டை வரும். அக்காவுக்கு அந்தப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த மேற்கணக்கில் பெண்ணெடுத்த மாப்பிள்ளைதான், மைக்கில், பொறுப்பேற்றிருந்தார். ஏறாவிட்டால் அவருக்கு இனி அந்த ஊரில் வாசற்படி கிடையாது.

மறுநாளே வண்டி திகனவுக்குப் போனது. திகனவில் கராஜ் வைத்திருக்கும் பாயிஸ் நானா மச்சானின் பழைய கூட்டாளி. வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"இளங்கோ, இது பின்சில்லு ரெண்டு மட்டும் தள்ளுற வண்டி. நாலு சில்லும் தள்ளுறது வேற சாமான். இத ஒசத்தலாம். ஒசத்தினா ஒசரமா ஈக்கும். அவ்வளவுதான்."

உயரம் போதும் என்றார் மச்சான். மனிதன் குரங்கிலிருந்து பிரிந்ததே நிமிர்ந்து நின்றதால்தான் என்று விளக்கமும் கொடுத்தார். பாயிஸ் நானா, விருப்பப்பட்டது எதையும் செய்து தரலாம், தன் வீட்டிலும் நோன்புப் பெருநாள் செலவு இருக்கிறது என்றார்.

அந்த மூன்று வாரம் மச்சான் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கடைக்கு ஆணி கேட்டு வந்தவரிடம் சஸ்பென்ஷன் பற்றிப் பேசினார். சாப்பிடும்போது எழுந்துபோய் பாயிஸ் நானாவுக்குப் போன் எடுத்தார். சோற்றுக் கையோடு திரும்பி வந்து, எதையோ மறந்ததுபோல் மறுபடி போனார். இரண்டு நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறித் திகனவுக்குப் போய், கழற்றிப் போட்ட வண்டியின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சாமான் சேர்ந்தது. ஸ்பிரிங்குக்கு மேலதிகத் தட்டுகள். முழங்கால் அளவு பள்ளம் வெட்டிய சேற்று டயர்கள். முன்னால் கறுப்பு இரும்பு பம்பர். ஆற்றில் மூழ்கும்போது எஞ்சின் மூச்சுவிடுவதற்காகக் கண்ணாடியோரம் மேல்நோக்கிப் போகும் ஒரு குழாய். எங்கள் தோட்டத்தில் ஆறு கிடையாது. மாடு குளிப்பாட்டும் ஓடையில் மாடே முழுதாக நனையாது. முன்கண்ணாடியில் 'சேற்று ராஜா' என்று ஒரு ஸ்டிக்கர். பின்கதவில் 'பின்னால் ஆட்கள் ஏற வேண்டாம்' என்று சிவப்பில்.

இந்தப் பின்பக்கத்துக்கு ஒரு கதை உண்டு. அக்கா ஓட்டும் காலத்தில் கெப்பின் பின்னால் எப்போதும் இரண்டு மூட்டை சீமெந்து கிடக்கும். சாமான் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் அந்த இரண்டும் இறங்காது. ஈரம் பட்டுப் பட்டுக் கல்லாகிப் போன மூட்டைகள், விற்கவும் முடியாது. கடுகண்ணாவைப் பக்கத்து ஏற்றங்களில் வெறும் வண்டி பின்னால் துள்ளும், அவை கிடந்தால் துள்ளாது என்பது அக்காவின் கட்சி. மச்சானுக்கு அது தீராத பகிடி. பாரம் ஏற்றினால்தான் போகும் என்றால் அது மாட்டு வண்டி என்பார். கடைக்கு வருகிறவர்களிடம், "என் சம்சாரத்துக்குத் தனியா ஓட்டப் பயம். அதான் ரெண்டு பேரப் பின்னால ஏத்திக்கிட்டுப் போறா" என்பார்.

"அந்த ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்பாள் அக்கா. "அதுக்காகவே ஏத்திக்கிட்டுப் போகலாம்."

வண்டி திரும்பி வந்த அன்று அக்கா அதைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கதவைத் திறந்தாள். கால் எட்டவில்லை. கடைக்குள் போய் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து, அதில் ஏறி உள்ளே உட்கார்ந்து, ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெலிவரிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து சேற்று ராஜா போகிற இடமெல்லாம் அந்த ஸ்டூலும் போனது.

கண்டி டவுனில் ராஜாவுக்கு மரியாதை கிடைத்தது. வாவிக்கரை நெரிசலில் ஒரு மணிநேரம் நின்றபோது எல்லோரும் பார்த்தார்கள். சூப்பர் மார்க்கெட் ஒன்றின் கீழ்த்தளத்துக்குள் போகும்போது, உயரக் கட்டுப்பாட்டுக்காகத் தொங்கவிட்டிருந்த இரும்புக் கம்பி, மூச்சுவிடும் குழாயில் மோதி மணி அடித்தது. காவலாளி பின்னுக்கு எடுக்கச் சொன்னார். மலைகளை ஒழித்த வண்டி ஒரு கார் பார்க்கிலிருந்து பின்வாங்கியது. மச்சான் அதை வண்டியின் தகுதிக்குச் சான்றாகவே எடுத்துக்கொண்டார்.

சோதனை ஓட்டம் ஹந்தானைப் பக்கம் நடந்தது. ஒரு செங்குத்தான மண்பாதையைத் தேடிப் பிடித்து, மச்சான் ஒரே மூச்சில் ஏற்றினார். பாட்டு வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால். மேலே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, கெம்பஸ்ல இது சொல்லித் தர்றாங்களா?"

இல்லை என்றேன். அன்று வண்டியின் பின்னால் யாரோ ஒருவரின் குளியலறை முழுவதும் தரை ஓடாக ஏற்றியிருந்தது. அதை நாங்கள் இருவருமே பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா மட்டும், "ஓட்ட எறக்கிட்டா ஏத்துனீங்க?" என்று கேட்டாள். ஒருவர் சாதித்துவிட்டு வரும்போது கேட்கிற கேள்வியா இது என்று மச்சான் வருத்தப்பட்டார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன் காப்புக் கட்டினார்கள். அம்மனோடு வாகனத்தில் ஏறி நிற்கிறவர் கையில் காப்புக் கட்டி விரதம் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லை. மச்சான் இருந்தாலும் கட்டிக்கொண்டார். போட்டோவில் மஞ்சள் காப்பு எடுப்பாக இருக்கும். அந்த வருடம் காப்புக் கட்டியவர்கள் மூன்று பேர்தான்: பூசாரி கணபதி, கரகம் எடுக்கிறவர், மச்சான். ஒரு வாரம் அவர் மீன் இல்லாமல் தின்று, வெறுங்காலோடு கடையில் நடந்தார். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்தார். வானம் ஒவ்வொரு பின்னேரமும் கறுத்து, நாலு சொட்டுப் போட்டுவிட்டுக் கலைந்தது. அவர் தூங்கினாரா என்று தெரியாது. கட்டில் சத்தம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசி நாள் காலையில், புறப்படுவதற்கு முன், அந்த இரண்டு சீமெந்து மூட்டையையும் உருட்டி இறக்கிக் கடைக்குப் பின்னால் போட்டார். அம்மன் ஏறுகிற இடத்தில் இந்த அசிங்கம் எதற்கு என்றார். அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் வரலயா?"

"அவங்களுக்கு வேல முடிஞ்சிருச்சி" என்றார் மச்சான்.

அக்கா ஸ்டூலை வைத்து முன்னால் ஏறிக்கொண்டாள். பேராதனை, கலஹா, தெல்தோட்டை தாண்டும் வரை கையில் சேலைத் தலைப்பைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே வந்தாள். நான் பின்னால் ஏறலாமா என்று கேட்டதற்குப் பின்கதவைக் காட்டினார்கள். மூவரும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து போனோம். வண்டி ஒவ்வொரு குழியிலும் பின்புறத்தைத் தூக்கிப் போட்டது. பந்தயக் குதிரை அப்படித்தான் என்றார் மச்சான்.

கோயிலில் புதிய பிரச்சினைகள் எதிர்பாராத திசையிலிருந்து வந்தன. அம்மன் சின்னவள், இரண்டு பேர் சுலபமாகத் தூக்கிவிடலாம். ஆனால் தூக்கியவர்களின் கை கெப்பின் தட்டுக்கு எட்டவில்லை. அக்காவின் ஸ்டூல் வந்தது. பூசாரி கணபதி அதில் ஏறி, அங்கிருந்து டயரில் கால் வைத்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவாறு மேலே போய்ச் சேர்ந்தார். அவர் ஈர்க்குச்சி மாதிரி ஆள். வண்டிக்கு அவர் ஏறியது தெரியவே இல்லை. பூ வளைவு கட்டியதும் அம்மன் இன்னும் உயர்ந்தாள். அர்ச்சனைத் தட்டு கொடுக்க வந்த பெண்கள் கையை நீட்டி, நுனிவிரலில் நின்று, கடைசியில் ஆளுக்கு ஆள் திட்டத் தொடங்கினார்கள். "சாமிய மாடியில வச்சிட்டு நம்மளக் கீழ நிக்கச் சொல்றாங்க" என்றாள் ஒருத்தி. லயத்துக்கு லயம் போன மின்கம்பிகள் பூ வளைவில் இடித்தன. கவைக் கம்பு ஒன்றால் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. இரண்டரை வருடப் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பொருத்தமான வேலை என்று அக்கா சொன்னாள்.

தப்பு அடித்தது. கரகம் முன்னால் ஆடிப் போனது. மச்சான் மஞ்சள் துண்டோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டு ஏறினார். மேலே மேற்கணக்கு லயத்து விளிம்பில் ஆட்கள் வரிசையாக நிற்பது எறும்பு மாதிரித் தெரிந்தது. அந்த வரிசையில் உட்கார ஒரு கதிரையும் இருந்தது. அம்மாவின் கதிரை.

பாதி வழியில் மழை பிடித்தது. அரை மணிநேரம் கொட்டிவிட்டு நின்றது. சவுக்கு மரத்து வளைவுக்கு நாங்கள் வந்தபோது, அது சாய்ந்த தரை என்கிற நிலையைக் கடந்திருந்தது. ஒரு பக்கம் மண் மேடு. மறுபக்கம் தேயிலைச் சரிவு. நடுவே, குழைத்து வைத்த சந்தனம் மாதிரி ரோடு.

வண்டி வளைவில் திரும்பியது. பாதி ஏறியது. பிறகு பின்சில்லுகள் இரண்டும் ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கின. மச்சான் மிதித்தார். பின்புறம் தூக்கித் தூக்கிப் போட்டுத் துள்ளியது. அம்மனின் பூ வளைவு ஒரு பக்கம் சரிந்தது; கணபதி அம்மனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தாயே, தாயே" என்றார். அது எந்தத் தாயை என்று தெரியவில்லை. வண்டி மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் நகரத் தொடங்கியதும் மச்சான் பிரேக்கை அழுத்திக்கொண்டு நின்றார். ஆட்கள் ஓடிவந்து நான்கு சில்லுக்கும் பின்னால் கல் வைத்தார்கள். பின்னுக்கு ஒரு சாண்கூட உருளவில்லை என்று கமிட்டித் தலைவர் குனிந்து பார்த்து உறுதி செய்தார். ஆனால் அதற்கு மேல் முன்னுக்கும் ஒரு சாண் போகவில்லை.

பாயிஸ் நானா மாதிரி வண்டி வித்தை தெரிந்தவர்கள், ஏறாத இடத்தில் பின்னுக்கு எடுத்து வேகம் பிடித்துத் திரும்ப ஏறுவார்கள். இங்கே பின்னுக்கு எடுத்தால் திருவிழா முடிந்தது. மச்சான் மறுபடி மிதித்தார். தப்புக்காரர் முகத்தில் சேறு அடித்தது. தப்பு நின்றது.

பிறகு கயிறு வந்தது. தேர் இழுக்கிற ஊர்தானே. இரும்பு பம்பரில் கட்டி, இருபது பேர் பிடித்து, அரோகரா சொல்லி இழுத்தார்கள். பம்பர் வந்தது. வண்டி வரவில்லை. பின்னால் தள்ளுகிறோம் என்று இறங்கிய இளவட்டங்களை அக்கா விரட்டினாள். சறுக்கினால் யார் மேல் விழும் என்று கேட்டாள். மேலே லயத்து விளிம்பிலிருந்து யாரோ ஒருவர், "ஏறலன்னா சொல்லிருங்க, நாங்க வேற பாத்துக்கிறோம்" என்று சத்தம் போட்டார். கீழே எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை.

அக்கா ஸ்டூலைக் கொண்டுபோய்க் கதவுக்குக் கீழே வைத்தாள்.

"எறங்குங்க."

"ஏறிரும் ஜெயா. இன்னொரு தடவ—"

"ஏறும். பின்னால பாரம் இருந்தா ஏறும். ரெண்டு மூட்ட போதும்."

மூட்டைகள் பிலிமத்தலாவையில் கிடந்தன. ரோட்டோரக் கல்லைப் பொறுக்கி ஏற்றலாம் என்றார்கள். கணபதி மேலிருந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். கண்டவன் மிதித்த சாக்கடைக் கானுக் கல்லை அம்மன் காலடியில் வைக்க விடமாட்டேன் என்றார். ஆள் ஏறலாம் என்றார்கள். காப்புக் கட்டாதவன் அம்மனோடு ஏறக்கூடாது என்றார். அப்போது காப்புக் கட்டியவர்களைத் தேடினார்கள். ஒருவர் கணபதி, ஏற்கெனவே ஏறியும் வண்டிக்குத் தெரியாதவர். இன்னொருவர் தலையில் கரகத்தோடு நின்றார். அதை இறக்கிவைக்க முடியாது.

அக்கா புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். கடையில் சாமான் எடை போடுகிற பார்வை அது.

"நீங்க ரெண்டு மூட்ட தேறுவீங்க" என்றாள்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து, சந்தர்ப்பம் தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள். பெண்பிள்ளை சாமி வண்டி ஓட்டலாமா என்று ஒரு பெரியவர் இழுத்தார். கணபதி அம்மனை விடாமலே தீர்ப்புச் சொன்னார்: "ட்ராக்டர் ஓட்டுனவன் விரதமா இருந்தான்? முன்னால வேற, பின்னால வேற. அந்தப் புள்ள ஓட்டட்டும், நான் உசுரோட எறங்கணும்."

மச்சான் உடனே இறங்கவில்லை. மேலே பார்த்தார். கதிரையிலிருந்து அம்மா எழுந்து நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. ஒரு கையால் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தார். அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"நான் கேக்கறது எனக்காக இல்ல" என்றாள் மெதுவாக. "அம்மா எம்புட்டு நேரம் நிப்பாங்க?"

அவர் கைபிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டூலில் கால் வைத்து இறங்கினார். அக்கா அதில் ஏறி உள்ளே உட்கார்ந்ததும், ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் போனார். 'பின்னால் ஆட்கள் ஏற வேண்டாம்' என்ற இடத்தில் வைத்து ஏறினார். அம்மன் பக்கத்தில் நிற்கப் போனவரை அக்கா கண்ணாடியில் பார்த்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"நிக்க வேணாம். சில்லுக்கு நேரா ஒக்காருங்க. இன்னும் கொஞ்சம் பின்னால. அங்கதான். இப்ப அசையாதீங்க."

மூட்டைகள் கிடந்த அதே இடம். மச்சான் அங்கே சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் துண்டு கழுத்தில் ஈரமாகக் கிடந்தது.

அக்கா அவசரப்படவில்லை. எஞ்சின் சத்தமே பெரிதாகக் கேட்கவில்லை. கிளட்சை விட்டதும் வண்டி ஒருமுறை குந்தியது. பின்சில்லு ஒரு சுற்றுச் சறுக்கியது. பிறகு பிடித்தது. கல்லை விட்டு ஒரு அடி. இரண்டு அடி. கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன். மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார், மூச்சுவிட்டால் எடை குறைந்துவிடும் என்பதுபோல. வளைவு முடிந்து ரோடு நிமிர்ந்ததும்தான் தப்பு மறுபடி அடித்தது. இந்த முறை மேலேயிருந்தும் ஒரு தப்பு பதில் கொடுத்தது.

மேற்கணக்கில் வாசலுக்கு வாசல் கோலம் போட்டிருந்தார்கள்; மழை பாதியைத் தின்றிருந்தது. இங்கேயும் தட்டுகள் எட்டவில்லை. ஆனால் இப்போது பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கீழே குனிந்து ஒவ்வொரு தட்டாக வாங்கிப் பூசாரியிடம் கொடுத்து, திரும்ப வாங்கிக் கீழே கொடுத்துக்கொண்டே வந்தார். அம்மாவின் தட்டையும் அவர்தான் வாங்கினார். அம்மா அம்மனைப் பார்த்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்ததும் மருமகனைப் பார்த்தார்.

"மாப்பிள்ள ஏன்டி பின்னால ஒக்காந்திருக்காரு?"

என்ன சொல்லப்போகிறாள் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். மூன்று வாரப் பேச்சுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல இதைவிட நல்ல இடம் அமையாது.

"அம்மன் பக்கத்துல அவருக்குத்தான் எடம் குடுத்தாங்க" என்றாள் அக்கா.

அம்மா மகள் முகத்தையும் சேறு அப்பிய சில்லையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லதுதான்" என்றார். தேங்காயை உடைத்தார். தனி அம்மன் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. ஃபேக்டரி ரோட்டால் இறங்கும்போது இறக்கம்தானே, இனிப் பாரம் வேண்டாம், முன்னால் வந்து உட்காருங்கள் என்று கமிட்டித் தலைவர் கூப்பிட்டார். மச்சான் கேட்காததுபோல் இருந்தார்.

பிறகு பிலிமத்தலாவைக்கு வந்து இரண்டு வாரம் அவர் மலைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீன் தின்றார். பம்பரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார். டயரைப் பற்றிக் கேட்டவர்களிடம் ஓட்டுகிறவளைக் கேட்கச் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். தந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. மச்சானே கெப்பை எடுக்கப் போனார். நான் கெம்பஸுக்குக் கிளம்பி, கடைக்குப் பின்னால் சைக்கிளை எடுக்கப் போனபோது அவர் அங்கே நின்றிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. குழாய்களை ஏற்றிக் கட்டியாகிவிட்டது. வீட்டு ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திரை மூடியிருந்தது.

கல்லாகிப்போன முதல் மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். நான்கு அங்குலம் எட்டவில்லை. கீழே வைத்தார். முன்னால் போய்ச் சிவப்பு ஸ்டூலை எடுத்துவந்து போட்டு, மூட்டையை முதலில் அதில் ஏற்றி, அங்கிருந்து வண்டிக்குள் உருட்டினார். இரண்டாவதையும் அப்படியே. பிறகு தானும் ஏறி, இரண்டையும் சில்லுக்கு நேராகத் தள்ளி, காலால் அசைத்துப் பார்த்து, மழைத் துணியை இழுத்து மூடினார்.

ஸ்டூலை எடுத்து முன் சீட்டில் வைத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் கதவைச் சாத்தினார்.